பொய்ந்நொடி போற்றேல்!

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், திறன்பேசிச் செயலி காட்டும் சுற்று நேரத்தை இளைஞர் சிலர் இறுதித் தீர்ப்பாகவே கொண்டாடுகின்றனர். நொடியை ஆயிரங் கூறிட்டுக் காட்டுகிறதாம்! அஃது அளந்த எண்ணா, உய்த்த எண்ணா?

பெரும்பாலான திறன்பேசிகள் செயற்கைக்கோள் வழித் தம் இடத்தை நொடிக்கு ஒருமுறையே அறிகின்றன. மணிக்கு 180 கிலோமீட்டர் விரைவில் வண்டி அவ்வொரு நொடியில் 50 மீட்டர் பாய்ந்துவிடும். இடைப்பட்டதெல்லாம் உய்த்துக் கணித்ததே! நொடிக்குப் 10 முறை அறியும் தனி அலைவாங்கி அவ்விடைவெளியை 5 மீட்டராகச் சுருக்கும். போட்டியில் தீர்ப்பளிப்பதோ, தடத்தில் பதித்த கம்பியும் வண்டியிற் பூட்டிய அலைபரப்பியுமே.

இல்லாத நொடித்துகளைத் துரத்தி, வளைவில் தடையை மிதிக்கத் தாழ்த்துபவன் உயிரையே பணயம் வைக்கிறான். செயலியைப் பயிற்சித் துணையாகக் கொள்க, நடுவராகக் கொள்ளற்க!