எந்திரம் படித்த தப்புப் பாடம்!

கிளிக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ, அதையே அது திருப்பிச் சொல்லும். கம்ப்யூட்டரும் அப்படித்தான்!

2020-ம் ஆண்டு கொரோனா நோய் உலகையே ஆட்டிப் படைத்தது. நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அந்த நோயைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள், விஞ்ஞானிகள்.

எப்படிப் பழக்குவது?

நோய் உள்ளவர்களின் படங்களையும், இல்லாதவர்களின் படங்களையும் ஏராளமாகக் காட்ட வேண்டும். வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் தானே கற்றுக் கொள்ளும்.

குழந்தைகளின் படம்

இங்கேதான் கோளாறு! கொரோனா உள்ளவர்கள் என்று பெரியவர்களின் படங்களைச் சிலர் காட்டினார்கள். கொரோனா இல்லாதவர்கள் என்று காட்டியதோ, 1 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளின் படங்களை!

பிறகு என்ன? கம்ப்யூட்டர் நோயைப் பார்க்கவே வேண்டியதில்லை. "பெரியவரா, குழந்தையா?" என்று பார்த்தே விடை சொல்லி விடலாம். மார்க்கும் நிறையக் கிடைக்கும்!

ஒன்றுகூட இல்லை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்களின் தலைமையில் ஒரு குழு, 2020-ல் வெளிவந்த இத்தகைய ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்தது. தேறியவை 62. நோயாளிகளுக்குப் பயன்படக்கூடியது அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று 2021-ல் அறிவித்தது.

குற்றம் எந்திரத்தின் மேல் அல்ல. மனிதரின் அவசரத்தின் மேல்தான்!

படம் யாருடையது? வயது என்ன? எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது? இவற்றை அலசிப் பார்த்த பிறகே பாடம் தொடங்க வேண்டும். எந்திரம் பார்த்திராத வேறு ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுத்துப் பரீட்சை வைக்க வேண்டும்.

நோயாளியை, "உனக்கு நோய் இல்லை" என்று எந்திரம் வீட்டுக்கு அனுப்பி விட்டால், போன உயிர் திரும்புமா?

பதரை விதைத்தால் நெல் விளையாது!