கரை கட்டியவனுக்கு மதகில் உரிமை இல்லையா?

கண்டாச்சிபுரத்துக் கழனியிலே நிற்கும் தோழனே, உன்னைத்தான் கேட்கிறேன்! ஏரிக்கரை உடையாமல் காக்க மண் சுமந்தவன் நீ. மதகை எப்போது திறப்பது என்று முடிவு செய்பவன் மட்டும், கரையிலே கால் வைத்தறியாத வேறொருவன்! இது முறையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்!

முறைதான் என்று சட்டமே பேசிய காலம் ஒன்றுண்டு. ஊரார் கூடித் தம் ஏரியைத் தாமே செப்பனிட்டு வந்த ஏற்பாடுதான் குடிமராமத்து. வெள்ளையர் ஆட்சி, ஏரியின் ஆளுகையைத் தன் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. ஊராரின் உழைப்பை மட்டும் விடவில்லை. 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. மண்வெட்டி குடியானவனுக்கு, அதிகாரம் கோட்டைக்கு! ஊரார் மனம் விலகிற்று; ஏரிகள் பல தூர்ந்தன.

அந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறாயா? இன்று வேறோர் ஏரி வெட்டப்படுகிறது. அதில் ததும்புவது அறிவு! கட்டற்ற மென்பொருள் என்று அதற்குப் பெயர். கணினியை இயக்கும் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். நம் விழுப்புரத்திலும் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் தொண்டர்கள் மாணவர்களுக்கு அந்த அறிவை வழங்கி வருகிறார்கள்.

'கூலி கேளாதவனுக்குக் குரல் எதற்கு?' என்று கேட்கும் கனவான்கள் இங்கும் உண்டு. வியர்வை வேண்டுமாம், வாக்கு வேண்டாமாம்! கைதட்டக் கூட்டம் வேண்டுமாம், கலந்து பேச அவை வேண்டாமாம்!

அவர்களுக்கு 2010 விடை சொல்லும். ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளைச் சன் நிறுவனத்தோடு சேர்ந்து வளர்த்தவர்கள் தொண்டர்கள். அவ்வாண்டு சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிற்று. தம் உழைப்பின் எதிர்காலம் பிறர் கையில் கிடப்பதைக் கண்ட தொண்டர்கள், செப்டம்பர் 28ஆம் நாள் தனி அமைப்புக் கண்டு, லிப்ரே ஆபீஸை அறிவித்தனர். பழைய திட்டத்தின் சமூக அவையிலிருந்து விலகுமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. விலகினார்கள், வீழ்ந்தார்களா? இல்லை! 2011இல் ஓப்பன் ஆபீஸ் வணிகத்தைக் கைவிட்டது ஆரக்கிள்தான்! லிப்ரே ஆபீஸ் இன்றும் வளர்கிறது, தமிழிலும் பேசுகிறது. கட்டடம் கம்பெனியிடம் இருந்தது, கொத்தனார்கள் புறப்பட்டுவிட்டார்கள்!

'பலர் கூடினால் ஒழுங்கு கெடும்' என்பது அடுத்த அச்சம். 1993இல் தோன்றிய டெபியன் திட்டம், 1998இல் தனக்கென ஓர் அரசியல் சட்டமே வகுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் உறுப்பினர் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரின் முடிவையும் அவர்கள் வாக்கு மாற்றலாம். ஒழுங்கு கெட்டதா? ஊன்றி நிற்கிறது!

ஆகவே, தொண்டர் சமூகத்தின் இடம் எது என்பதை எழுத்திலே வரையறு என்கிறோம். நிரல் எழுதுபவர் மட்டுமல்லர். பிழை கண்டு சொல்பவர், தமிழாக்குபவர், கையேடு எழுதுபவர், புதியவர்க்குப் பொறுமையோடு கற்பிப்பவர், அனைவரும் தொண்டரே. யார் உறுப்பினர்? எந்த முடிவு எவர் கையில்? தலைமை தவறினால் திருத்தும் வழி என்ன? இம்மூன்றும் ஏட்டில் இருக்கட்டும். எவர் தயவிலும் இருக்க வேண்டாம்.

உரிமை கேட்பவனுக்குக் கடமையும் உண்டு, தோழனே! ஏற்ற பணியை முடி; இயலாவிட்டால் மறைக்காமல் சொல்லி, அடுத்தவரிடம் ஒப்படை. பாதியிலே போட்டுவிட்டுப் போனவன், அவையிலே வந்து அதட்டக் கூடாது.

சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிய கையும், கொடிக்கம்பம் நட்ட கையும் உன் கைகள். தொண்டு என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்டன் கூலி கேட்பதில்லை. அதற்காக அவன் கொத்தடிமையும் அல்லன். கரை கட்டிய கைக்கு மதகிலும் உரிமை வேண்டும்! அதை மறுத்தால் ஏரி தூரும். மதித்தால் ஊர் செழிக்கும்!