காளை கண்மூட மாஜிஸ்திரேட் ஆணையா?

நள்ளிரவில் லாரி மோதி, இடுப்பெலும்பு நொறுங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கிறது ஒரு காளை. எழ இயலாது, பிழைக்கவும் வழியில்லை. உடையவனைக் காணோம். அதன் வேதனையை முடித்துவைக்க அதிகாரம் யாருக்கு?

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், 13-வது பிரிவில் விடை கூறுகிறது. கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரியோ, மாநில அரசு அதிகாரமளித்த ஒருவரோ அதனைக் காணவேண்டும். கண்டவர், வட்டாரக் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்று தரவேண்டும். அதன் பிறகும் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும்! அந்த ஆணைமீது அப்பீல் இல்லையென்று வேறு எழுதியிருக்கிறார்கள். ஆணை வரும்வரை காளை இருக்குமா என்பதை எண்ணினார்களோ, இல்லையோ!

சட்டத்தை இகழ்வது நம் நோக்கமன்று. 1890-ஆம் ஆண்டின் வெள்ளையராட்சிச் சட்டம் போதாதென்று ராஜ்ய சபையில் தனி மசோதா கொணர்ந்து வாதாடியவர், கலாட்சேத்திரம் கண்ட ருக்மணி தேவி அம்மையார். நேருவின் உறுதிமொழியை ஏற்று அவர் அதனைத் திரும்பப் பெற்றபின் அரசே கொணர்ந்தது இச்சட்டம்.

நோயற்ற நாயையும் வேண்டாத மாட்டையும் கருணையின் பேரால் தீர்த்துக்கட்டும் கூட்டம் கிளம்பிவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. நியாயமான அச்சம்தான். அதற்குரிய காவல் மருத்துவரின் சான்றன்றோ? காளையின் முதுகெலும்பைப் பற்றி மாஜிஸ்திரேட் புதிதாக அறியப்போவது என்ன? தெருநாய்கள் குறித்து மத்திய அரசு 2001-இல் வகுத்த விதிகள், தீராநோயுற்ற நாயை மருத்துவரே ஊசியிட்டு முடிக்க இடமளித்தன. நீதிமன்ற வாயிலுக்கு அனுப்பவில்லை. ஒரு நாயின் கண்ணெதிரே மற்றொன்றைக் கொல்லலாகாது என்றுகூட அவை கூறின. நாய்க்குக் கிட்டிய இரக்கம் காளைக்கு எட்டவில்லை.

“கர்மவினை, அனுபவித்துத் தீரட்டும்” என்பாரும் உளர். வாயில்லா உயிருக்கு முற்பிறப்புக் கணக்குக் காட்டும் அவர்கள், ஓர் இரவு அதனருகே அமர்ந்து பார்க்கட்டும்.

டில்லியை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. மிருகவதைத் தடுப்பு, அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 17-வது இனம். 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக இதே சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் திருத்தியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே திங்களில் உச்சநீதிமன்றமும் அத்திருத்தம் செல்லுமென்றது. காளை துள்ளி ஓடுவதற்காகத் திருத்திய கை, அது வீழ்ந்து கிடக்கும்போது ஏன் தயங்கவேண்டும்? மருத்துவர் சான்றளித்தபின் மாஜிஸ்திரேட் ஆணை வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை, ஒன்றியந்தோறும் ‘அதிகாரம் பெற்றவர்’ இன்னாரென அரசு அறிவிக்கட்டும். தோழர்கள் தத்தம் ஊராட்சி மன்றங்களில் இவ்விரண்டையும் தீர்மானமாக வைக்கவேண்டும். இரவில் அழைத்தால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார் என்பதையும் கேட்டறிந்து, படிப்பகப் பலகையில் எழுதிவைக்கவேண்டும்.