முதியோர் இல்லத்தில் அம்மா விழுந்துவிட்டார்: காரணம் வயதா, அலட்சியமா?

“சார், அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. வயசாயிடுச்சுல்ல, என்ன பண்றது...”

வேலைக்காக வெளியூரில் இருக்கும் பலர் பயப்படும் போன் கால் இது. மாதாமாதம் பணம் கட்டி, ‘நல்லா பாத்துப்பாங்க’ என்று நம்பித்தான் பெற்றோரை இல்லத்தில் சேர்க்கிறோம். ஆனால், விழுந்ததும் பழி மொத்தமும் வயதின் மேல் போய்விடுகிறது. அது சரியா?

எவ்வளவு பெரிய பிரச்னை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டால் படுக்கைப் புண், நிமோனியா என்று அடுத்தடுத்து வரும். அதுவரை தானாக நடந்தவர் மறுபடி எழுந்து நடக்காமலே போகலாம்.

ஏன் விழுகிறார்கள்?

தூக்க மாத்திரையோ பிபி மாத்திரையோ சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ராத்திரி டாய்லெட் போக எழுகிறார். லைட் இல்லை, தரையில் ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பெல் அடித்தாலும் வர ஆள் இல்லை. முதுமையை மாற்ற முடியாது, சரி. இதையெல்லாம் மாற்றலாமே?

‘கட்டிலோடு கட்டி வைத்தால் விழமாட்டார்களே’ என்பதும் தீர்வல்ல. நடக்காமல் இருந்தால் கால் தசை இன்னும் பலவீனமாகும். கட்டை அவிழ்க்க முயன்றே காயப்படுபவர்களும் உண்டு.

எது அலட்சியம்?

எல்லா விழுதலும் அலட்சியம் அல்ல. நன்றாக நடக்கும் இல்லத்திலும் ஒருவர் விழலாம். இவர் விழக்கூடும் என்று இல்லத்துக்குத் தெரியுமா, தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. போன மாதம் விழுந்தவர் அதே பாத்ரூமில், அதே ராத்திரி நேரத்தில் மறுபடி விழுந்தால், அதற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் வாங்கிக்கொண்டு தரும் பராமரிப்பு ஒரு சேவை. அதில் குறைபாடு இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கட்டணம் கிடையாது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் ‘கொடுங்காயம்’. அலட்சியத்தால் அது நேர்ந்ததாக நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வழிகாட்டுதலுக்கு முதியோர் உதவி எண் 14567.

சேர்க்கும் முன் என்ன கேட்கலாம்?

* ராத்திரி ஷிப்டில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்?
* யாராவது விழுந்தால் பதிவேட்டில் எழுதுகிறீர்களா? அதைக் காட்ட முடியுமா?
* விழுந்தால் குடும்பத்துக்கு எப்போது சொல்வீர்கள்?
* மாத்திரைகளை டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்?

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா? அடுத்த முறை போகும்போது பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரவு 9 மணிக்கு மேல் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை அம்மாவோடு நடந்து பாருங்கள். ‘வயசாயிடுச்சுல்ல’ என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன தடவை விழுந்தப்புறம் என்ன மாத்தினீங்க?”