சம்மதம் என்னும் ஏமாற்று

கடைவீதிக்குச் செல்லும் ஒருவரை ஓர் ஆள் கடைக்குக் கடை பின்தொடர்ந்து, அவர் எதைக் கையிலெடுத்தார், எதை விலை கேட்டார், எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்துக்கொண்டே வந்தால் அவர் பொறுப்பாரா? தெருவிலேயே சச்சரவு மூண்டுவிடும். இணையத்தில் உலாவும் ஒவ்வொருவருக்கும் இன்று இக்கதியே நேர்கிறது. வேவுகாரன் கண்ணுக்குப் புலப்படாததால் ஜனங்கள் வாளாவிருக்கின்றனர்.

'குக்கீ' எனப்படும் சிறு குறிப்பை 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சேர்ந்த லூ மாண்டுல்லி ஏற்படுத்தினார். முன்பு வந்தவரே மீண்டும் வந்திருக்கிறார் என்பதைத் தளம் அறிந்துகொள்வதற்காகவே அது தோன்றிற்று. அதில் யாதொரு குற்றமுமில்லை. ஆனால் விளம்பரக் கம்பெனிகள் பிறருடைய தளங்களிலெல்லாம் தங்கள் குறிப்பையும் நுழைத்துவிட்டன. காலையில் ஒரு வியாதியைப் பற்றிப் படித்தவரும், மாலையில் கடனுக்கு வழி தேடியவரும், இரவில் அரசியல் கட்டுரை படித்தவரும் ஒருவரே என்பதை அவை இதனால் அறிகின்றன. பெயர் தெரியாவிடினும் ஆள் அகப்பட்டுவிடுகிறார்.

'உங்கள் சம்மதத்துடன்தானே செய்கிறோம்' என்று கம்பெனிகள் வாதிக்கக்கூடும். இது என்ன சம்மதம்? ஏற்கும் பொத்தான் வாசலிலேயே நிற்கிறது. மறுக்கும் பொத்தானோ பல கதவுகளுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் சம்மதமாகாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப்போல் மறுப்பதை எளிதாக்கவில்லை என்ற குற்றத்திற்காகக் கூகிளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாகப் பிரான்சு தேசத்து அதிகாரிகள் 2022 ஜனவரியில் அறிவித்தனர்.

நம் நாட்டின் நிலை என்ன? அந்தரங்கம் ஜீவாதார உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஏகமனதாகத் தீர்ப்புக் கூறினர். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான கடமைகளை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. சம்மதம் சுயேச்சையானதாக இருக்கவேண்டும், அளித்ததைப்போலவே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும், தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்களைக் காட்டி, மத்திய சர்க்கார் தான் குறிப்பிடும் ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்கலாம் என்றும் அதே சட்டம் இடந்தருகிறது. கம்பெனிக்கொரு நீதி, சர்க்காருக்கொரு நீதியா? தேசபக்தர்களின் கடிதங்களை உடைத்துப் பார்த்த அந்நிய ஆட்சியும் பொது அமைதியின் பெயரையே சொல்லிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஏற்கும் பொத்தானுக்கு அருகிலேயே மறுக்கும் பொத்தானும் சமமாக நிற்கவேண்டும். சர்க்கார் அளிக்கும் ஒவ்வொரு விலக்கும் நீதிபதி ஒருவரின் பரிசீலனைக்கு உட்படவேண்டும். இவ்விரண்டையும் ஜனங்கள் வற்புறுத்திக் கேட்கவேண்டும். அதுவரையில், படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் வழக்கத்தையேனும் ஒவ்வொருவரும் இன்றே கைவிடுவாராக. மறுக்க இயலாத இடத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.