இடைநிற்றலுக்கு ஒரு சான்றிதழ்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயிலும் மாணவர் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 132 கிரெடிட்டுகளும், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 176-ம் பெற வேண்டும். ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம். 2013-ல் அறிமுகமான நான்காண்டுத் திட்டம் மறு ஆண்டே யுஜிசி உத்தரவால் கைவிடப்பட்டது. 2022-ல், புதிய கல்விக் கொள்கையின் பெயரால், அது வேறு வடிவில் திரும்பியது.

இதை மாணவருக்குக் கிடைத்த சுதந்திரம் என்கின்றனர். ஓராண்டுச் சான்றிதழை நம்பி எந்த நிறுவனம் மேலாளர் பணி தரும்? வசதி படைத்தவர் நான்காம் ஆண்டையும் முடிப்பார். விடுதிச் செலவுக்கே திண்டாடுபவர்தான் பாதியில் நிற்பார். படிப்பை முடிக்க ஏழாண்டு அவகாசம் உண்டாம்! குடும்பச் சுமையை ஏற்றவர் மீண்டும் வகுப்புக்குத் திரும்புவது அத்தனை எளிதா?

விலகியோர் எத்தனை பேர், எந்தப் பிரிவினர், திரும்பியோர் எத்தனை பேர் என்ற விவரத்தைக் கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.