ஆள் கிடைக்கவில்லை என்னும் முறையீடு

அன்னவாசல் வட்டாரத்து மிராசுதார்கள் கூடுமிடமெல்லாம் ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடே கேட்கப்படுகிறது. முறையீடு பொய்யன்று; அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் முழுதும் மெய்யன்று. கூலி ஒன்றாகவே இருப்பினும், ஒருவர் வயலுக்கு நடவுப் பெண்டுகள் அழைக்காமலே வருவதும், அடுத்த வரப்புக்காரர் தெருத்தெருவாய் அலைந்து திரும்புவதும் கிராமங்களில் காணாத காட்சியல்ல.

இப்பக்கத்தில் கிணற்று வசதியில்லாத நஞ்சைகள் குளத்தையும் கண்மாயையுமே நம்பியுள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிறைந்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேவைப்படுகிறது. மத்திய கால நெல் ரகங்களின் நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள் பறித்து நடவேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும்; தூர் குறைந்தால் மகசூல் குறையும். ஆகவே அந்தச் சில நாட்களில் யார் வயலில் முதலில் இறங்குவது என்பதை நிச்சயிப்பவர்கள் வேலையாட்களேயன்றி நிலக்காரரல்லர்.

வேலையின் தரமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாக, ஏறக்குறைய ஓரங்குல ஆழத்தில் நடவேண்டும். மனம் கசந்தவள் ஆழமாய் அழுத்திவிட்டுப் போனால், வரப்பில் குடை பிடித்து நிற்பவருக்கு அது தெரியாது. தூர் கட்டாதபோதுதான் தெரியும். நிலக்கடலையிலும் இவ்வாறே. விதைத்து 45 நாட்களுக்குப் பின் விழுதிறங்கும் செடியடியில் களைக்கொட்டு படலாகாது என்பதை அறிந்து ஒதுங்கி வெட்டும் கை, காசு கொடுத்தால் மட்டும் வருவதன்று.

100 நாள் வேலை ஆட்களைக் கெடுத்துவிட்டது என்பாரும் உளர். 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவியும் இருக்கவேண்டுமென விதித்தது. ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்திரீயை நியமிக்கவும் சொல்லிற்று. அவ்விதிகள் எங்கும் செவ்வனே நடந்தன என்று எவரும் சொல்லார். ஆயினும் தன் வயலில் ஒரு பானைத் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்யாதவர் அச்சட்டத்தைப் பழிப்பது நியாயமாகுமா?

அன்றியும் காலம் மாறிவிட்டது. 1991-இல் இந்த ஜில்லாவில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் வயல்வேலை, கல்லுடைப்பு வேலை செய்த பெண்டுகள் பலர் எழுத்துக் கற்றனர். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளும் ஓட்டப் பழகினர். பற்றுவரவுக் கணக்கை வாசிக்கவும், நாலு மைல் தூரத்திலுள்ள வேறொருவர் வயலுக்குத் தானே சைக்கிள் மிதித்துப் போகவும் கூடியவளை அதட்டி நிறுத்திவைக்க முடியாது. பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் நெருப்பில் மாண்டதை மூத்த மிராசுதார்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகே 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் அங்கே வந்தது.

செய்யவேண்டியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. கூலியைப் பொழுது சாயுமுன் கையில் கொடுப்பது, நாளைக்கு வா என்று அலைக்கழியாதிருப்பது, தாய் வயதினளை 'அடி' என்று விளிக்காதிருப்பது, எந்த வயலில் முதலில் களையெடுக்கலாம் என்று அனுபவமுள்ளவளிடம் ஒரு வார்த்தை கேட்பது, இவை போதும். தண்ணீருக்குத் தனிக் குவளை வைப்போர் இன்னும் எங்கேனும் இருப்பின், 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்துவிட்டதைக் கிராம அதிகாரிகள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அவ்வதிகாரிகள் மற்றொன்றும் செய்யலாம். நாற்றங்கால் விடும் வாரத்திலேயே நிலக்காரர்களையும் நடவுக் கொத்துத் தலைவிகளையும் சாவடியில் கூட்டி, அப்பருவத்துக் கூலியையும் மதிய இடைவேளையையும் பேசி முடித்து, எல்லார் முன்னிலையிலும் எழுதி வாசிக்கச் செய்யவேண்டும். குளம் நிறைந்தபின் வரப்பில் நின்று பேரம் பேச அவகாசமிராது.